நாண் ஏறிய விரல்

கேள்வி: பாறை ஏறும்போது மோதிர விரலில் 'டப்' என்று சத்தம், அன்றிலிருந்து வலி. பிசியோதெரபிஸ்ட்டோ முன்கையை அமுக்கிப் பார்க்கிறார். வலி ஒரு இடம், வைத்தியம் வேறு இடமா?

பதில்: விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலிலா இருக்கின்றன? முன்கையில்! அங்கிருந்து வரும் தசைநாண், பேன்ட் லூப்புக்குள் பெல்ட் போல, விரலெலும்பை ஒட்டிய வளையங்களுக்குள் ஓடுகிறது. விரல்நுனியால் பாறை விளிம்பைக் கவ்வும்போது, விரலின் அடிப்பகுதியில் உள்ள 'ஏ2' வளையத்துக்குத்தான் பெரும் பாரம். வளையங்கள் பல அறுந்தால், தசைநாண் நிஜமாகவே வில்லின் நாணாக எலும்பை விட்டு விலகி நிற்கும்.

நீங்கள் கேட்ட 'டப்', வளையம் அறுந்த சத்தமாக இருக்கலாம்; ஸ்கேன் பார்த்துவிடுங்கள். ஒரு வளையம் மட்டும் போயிருந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டாம். மோதிரம் போன்ற கவசமும் படிப்படியான பயிற்சியும் போதும். வலி குறைந்த மறுநாளே பாறைக்கு ஓடிவிடாதீர்கள், தயவுசெய்து!