அலறும் ஆசான்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு, செயற்கைச் சுவாசம் தரும் வென்டிலேட்டரும், இதயத்துடிப்பையும் ரத்த ஆக்சிஜன் அளவையும் ஓயாமல் காட்டும் மானிட்டரும், மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்பும் எழுப்பும் ஒவ்வோர் அலறலும் உயிர்ப்பிரச்சினை என்று முதல் வகுப்பிலேயே கற்பிக்கப்படுகிறது. விரலில் மாட்டிய உணரி நழுவினாலும் மானிட்டர் உயிர் நழுவியதாகவே அலறும் என்பதை வார்டு கற்பிக்கிறது. பெரும்பாலான அலறல்கள் 'புலி வருது' கதையாகிக் காது மரத்துப்போகும் நிலைக்கு 'அலாரச் சலிப்பு' என்று பெயர் சூட்டி, அதற்கும் தனி வகுப்பு வைக்கிறார்கள்; அவ்வகுப்பு நடக்கும் நேரத்தில் அலறலுக்கு ஓடுவது யார் என்பது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை. வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற நெறியைக் காகிதத்திலிருந்து படுக்கையருகே கொண்டுவராத நிர்வாகத்துக்கே முதலில் அறிமுகப் பயிற்சி தேவை.