வால்வு தூக்கும், மாஸ்ஃபெட் சுமக்கும்

ஹைப்ரிட் ஆம்ப்ளிஃபயரில் வால்வுக்கு என்னதான் வேலை? அழகுக்கா?
– பாலிடெக்னிக் மாணவர், செங்கல்பட்டு

வோல்டேஜைத் தூக்கிவிடுவது. அது ஒன்றுதான். 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் வேண்டுமானால் 20 வோல்ட் தேவை. அலையின் உச்சியில் 28 வோல்ட், கரண்ட் மூன்றரை ஆம்பியர். 28 வோல்ட் ஆடுவது வால்வுக்கு விளையாட்டு. மூன்றரை ஆம்பியர்தான் ஆகாது, சின்ன வால்வு மில்லிஆம்பியரில்தான் பேசும். கரண்ட் சுமக்க மாஸ்ஃபெட் இருக்கிறது. தூக்குகிறவர் ஒருவர், சுமக்கிறவர் ஒருவர் என்று மனதில் பதித்துக்கொண்டால் பாதி டிசைன் முடிந்தது.

அந்தக் காலத்து வால்வு செட்டில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் ஸ்பீக்கர் பாடவே பாடாது. இதில் எப்படிப் பாடுகிறது?
– மைக் செட் வைத்திருந்தவர், திருக்கழுக்குன்றம்

ஐயா, நீங்கள் தூக்கிச் சுமந்த கனம் எல்லாம் அந்த டிரான்ஸ்பார்மர்தான். ஒரு ஜோடி ஈஎல்34 தன் எதிரே 3,400 ஓம் இருக்க வேண்டும் என்று கேட்கும், ஸ்பீக்கரோ 8 ஓம். நடுவில் 20-க்கு 1 என்ற கணக்கில் சுற்றிய டிரான்ஸ்பார்மர்தான் சமாதானம் பேசியது. மாஸ்ஃபெட்டுக்கு எட்டு ஓமோடு நேராகவே பேசத் தெரியும். தரகர் தேவையில்லை.

ஈசிசி83-க்கு மியூ 100, ஈசிசி82-க்கு 17-தான். பெரியதை எடுத்தால் என்ன?
– பொறியியல் மாணவி, கூடுவாஞ்சேரி

எல்லோரும் சறுக்கும் இடம் இது. மாஸ்ஃபெட்டின் கேட் கரண்ட் கேட்காது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். டிசி-க்கு அது உண்மை. ஆனால் கேட் என்பது உள்ளே ஒரு கண்டென்சர். ஐஆர்எஃப்பி240-ல் அது சுமார் 1,300 பிகோஃபாரட். சோர்ஸ் ஃபாலோவராகக் கட்டினால் சுமை குறையும், ஆனாலும் ஜோடிக்குச் சில நூறு மிஞ்சும். கணக்குக்கு 500 என்று வையுங்கள்.

ஈசிசி83-இன் உள்தடை 62,500 ஓம். அதற்கு 1 லட்சம் ஓம் பிளேட் ரெசிஸ்டர் போட்டால் வெளியே தெரிவது 38,000 ஓம். 500 பிகோஃபாரட்டை இதன் வழியே நிரப்பப் பார்த்தால் 8 கிலோஹெர்ட்ஸ் அருகிலேயே சத்தம் சரியத் தொடங்கும். ஜால்ரா மங்கிவிடும், மோர்சிங் மூக்கடைத்துக் கேட்கும். அதே இடத்தில் ஈசிசி82 போட்டு 22,000 ஓம் பிளேட் ரெசிஸ்டர் வைத்தால் 50 கிலோஹெர்ட்ஸ் வரை கவலையில்லை. மியூவில் பெரியதாக இருந்து பயனில்லை, சுமையைத் தள்ள வேண்டும்.

24 வோல்ட்டில் ஓடும் வால்வு கிட் கிடைக்கிறதே, அது போதாதா?
– வாசகர், மறைமலைநகர்

ஹெட்ஃபோனுக்குப் போதும். மேலே 28, கீழே 28, மொத்தம் 56 வோல்ட் ஆட வேண்டிய வால்வுக்கு 24 வோல்ட் கொடுத்தால், ஆறடி ஆளை நாலடிக் கட்டிலில் படுக்கச் சொல்வது போல.

சுற்றிவளைக்காமல் மதிப்புகளைச் சொல்லுங்கள்.
– டிவி மெக்கானிக், மதுராந்தகம்

சொல்கிறேன். ஒரு ஈசிசி82-க்குள் இரண்டு வால்வு இருக்கின்றன. இரண்டையும் உபயோகிப்போம்.

ஹெச்.டி. (உயர் வோல்டேஜ் சப்ளை) 250 வோல்ட். முதல் பாதிக்குப் பிளேட் ரெசிஸ்டர் 22 கே, 2 வாட். கேத்தோடுக்கு 680 ஓம், அதன் மேல் 220 மைக்ரோஃபாரட். ஐந்தரை மில்லிஆம்பியர் ஓடும். பிளேட்டில் 130 வோல்ட்டும் கேத்தோடில் 4 வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகவும் நின்றால் சரி. பெருக்கம் சுமார் 12. மொபைலிலிருந்து 1 வோல்ட் வந்தால் 12 வோல்ட், அதாவது 18 வாட். வீட்டுக் கூடத்துக்கு அது தாராளம். சிடி பிளேயரின் 2 வோல்ட்டுக்கு வால்யூமைக் குறைத்துத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது பாதி கேத்தோடு ஃபாலோவர். அதன் கிரிட்டை முதல் பிளேட்டிலேயே நேராகக் கட்டுங்கள், நடுவில் கண்டென்சர் வேண்டாம். கேத்தோடிலிருந்து கிரவுண்டுக்கு 27 கே, 2 வாட். வெளியே தெரியும் தடை 500 ஓம் அளவுக்கு இறங்கிவிடும், கேட் எவ்வளவு கேட்டாலும் கொடுக்கும். இந்தக் கேத்தோடு 134 வோல்ட்டில் நிற்கும், ஹீட்டருக்கும் அதற்கும் நடுவே ஈசிசி82 தாங்குவது 180. ஆகவே ஹீட்டர் லைனை இரண்டு ரெசிஸ்டரால் 60 வோல்ட்டுக்கு உயர்த்திக் கட்டுங்கள். ஹம்மும் குறையும், வால்வும் நாள்பட உழைக்கும்.

ஸ்விட்ச் போட்டதும் ஸ்பீக்கர் 'டொம்' என்று குதிக்கிறது. அபசகுனமா?
– வாசகர், அச்சிறுப்பாக்கம்

அவசரம். வால்வு சூடேறும்போது அந்தக் கேத்தோடு 0-விலிருந்து 134 வோல்ட்டுக்கு ஏறுகிறது. கேத்தோடுக்கும் மாஸ்ஃபெட் கேட்டுக்கும் நடுவே இருக்கும் கப்ளிங் கண்டென்சர் அந்த ஏற்றத்தையும் பாட்டு என்று நினைத்து அனுப்பிவிடுகிறது. ஸ்பீக்கருக்கு ஒரு ரிலே போட்டு 45 வினாடி பொறுத்துச் சேருங்கள். மாஸ்ஃபெட் கேட் 20 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, 12 வோல்ட் ஜீனர் கட்டாயம். கப்ளிங் கண்டென்சர் 400 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும்.

வால்வு சத்தம் இனிமை என்கிறார்களே, காரணம் உண்டா?
– பாட்டு டீச்சர், திருப்போரூர்

உங்கள் பாஷையிலேயே காரணம் இருக்கிறது. ஒற்றை டிரையோடு கொஞ்சம் பிசகினால் பெரும்பாலும் இரண்டாம் ஹார்மானிக்கைச் சேர்க்கும். நீங்கள் சட்ஜமம் பாடினால் அது மெல்லத் தாரஸ்தாயி சட்ஜமத்தைக் கூட வைக்கிறது. சுருதி சேர்ந்த தம்புராவில் தானாகவே கேட்கிற ஸ்வரம் அது, காது அதை அந்நியமாக நினைப்பதில்லை. ஆனால் இது சிட்டிகை அளவில்தான் இருக்க வேண்டும். ராகத்தை மாற்றுகிற அளவுக்கு வால்வு பேசினால் அது டிசைன் கோளாறு.

கருங்கல் பலகையில் ஆம்ப்ளிஃபயர் கட்டலாமா? கல் என்னிடம் நிறைய இருக்கிறது.
– சிற்பி, மாமல்லபுரம்

ஆஹா, கட்டுங்கள்! வால்வை விரலால் சுண்டினால் ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்கும். உள்ளே கிரிட் கம்பி அதிர்வதுதான் காரணம். அந்த அதிர்வை அடக்கக் கல்லைவிட நல்லது எது? 40-க்கு 30 சென்டிமீட்டரில் 3 சென்டிமீட்டர் கனம் என்றால் பத்து கிலோவை ஒட்டும், அசையாது. ஆனால் கல்லில் மின்சாரம் ஓடாது, ஷீல்டாக அது உதவாது. அடியில் அலுமினியத் தகடு பதித்து, தகட்டை எர்த்தோடு சேருங்கள். வால்வு பேஸுக்குத் துளை போட உங்கள் கைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடலோரம் வீடு. ஆறு மாதத்தில் கரகரப்பு வந்துவிடுகிறது. வால்வை மாற்றியும் பார்த்தாச்சு.
– வாசகர், சதுரங்கப்பட்டினம்

வால்வைக் குறை சொல்லாதீர்கள், பேஸைப் பாருங்கள். உங்கள் பக்கத்திலிருந்து வந்த ஒரு செட்டைத் திறந்தபோது ஒன்பது பின்னில் மூன்றின் அடியில் பச்சை பூத்திருந்தது. அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம்தான் எனக்குக் கவலை. ஈசிசி82-இல் 1-ஆம் பின் பிளேட், 2-ஆம் பின் கிரிட், இரண்டும் பக்கத்து வீடு. உப்பு ஈரத்தை இழுத்து, நடுவில் 100 மெகாஓம் கசிவு வந்தால் போதும். கிரிட் ரெசிஸ்டர் 1 மெகாஓம் என்றால் கிரிட்டில் 1.3 வோல்ட் ஏறிவிடும். பயாஸே 4 வோல்ட்தான்! அதையே 100 கே ஆக்கினால் 0.13 வோல்ட்டோடு போகும். கடற்கரைக்காரர்கள் எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன்: 100 கே, பீங்கான் பேஸ், மாதம் ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்.

தாத்தாவின் ரேடியோவிலிருந்து வால்வைக் கழற்றிப் போடலாமா?
– வாசகர், கேளம்பாக்கம்

பாடுகிற ரேடியோ என்றால் கை வைக்காதீர்கள். பெங்களூரு பி.இ.எல். 1961-இல் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. அந்தக் காலத்து வால்வு இனி நம் ஊரில் பிறக்காது. ஈசிசி82 ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்னும் புதிதாகவே தயாராகிறது. புதிதை வாங்குங்கள்.

மகன் ராத்திரியெல்லாம் இதையே கட்டிக்கொண்டு அழுகிறான். 250 வோல்ட் என்கிறான். எனக்கு அடிவயிறு கலங்குகிறது.
– ஒரு தாய், சிங்கப்பெருமாள்கோவில்

பயம் நியாயமானது அம்மா. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சருக்குள் அந்த 250 வோல்ட் காத்திருக்கும். அதன் குறுக்கே 220 கே, 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைக்கச் சொல்லுங்கள். 47 மைக்ரோஃபாரட் என்றால் ஒரு நிமிஷத்தில் இரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். ஒரு கை பாக்கெட்டில், காலில் ரப்பர் செருப்பு, தனியாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. நீங்களே பக்கத்தில் உட்காருங்கள். மல்டிமீட்டரை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். "ரெண்டு வோல்ட்" என்று நீங்கள் படித்துச் சொன்ன பிறகுதான் அவன் விரல் உள்ளே போக வேண்டும்.