நோபல் வாங்கிய தரகர்

கேள்வி: வினையூக்கி என்றாலே பிளாட்டினம், பல்லேடியம் என்று விலை உயர்ந்த உலோகங்கள்தானே? சின்னக் கரிம மூலக்கூறுக்கு எதற்கு நோபல் பரிசு?

பதில்: நகைக்கடை வாசலிலேயே நின்றுவிட்டீர்களே! பக்கத்து மளிகைக் கடைக்கும் கொஞ்சம் வாருங்கள்.

புரோலின் என்று ஓர் அமினோ அமிலம். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனில் அது ஏராளம். நம் உடலின் வினையூக்கியான நொதி என்பது பெரும்பாலும் நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்த மாலை. வினையில் நேரடியாக இறங்கி வேலை செய்வதோ ஒன்றிரண்டு. கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி. வேலை செய்யும் அந்த ஒருத்தரை மட்டும் கூப்பிட்டால் என்ன என்று வேதியியலாளர் பெஞ்சமின் லிஸ்ட் யோசித்தார். புரோலின் வந்தது, அசிட்டோனைக் கைப்பிடித்து அழைத்துப்போய் இன்னொரு மூலக்கூறோடு சேர்த்துவைத்தது, தரகுகூட வாங்காமல் கழன்று, அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விட்டது.

அதிலும் இடது, வலது பார்த்துச் சேர்த்தது. செருப்பைப்போல மூலக்கூறுகளுக்கும் இடது, வலது உண்டு. கார்வோன் ஒரு வடிவில் புதினா மணக்கும். அதன் கண்ணாடிப் பிம்பம் சதகுப்பை மணக்கும். துவையலில் மாறினால் முகம் சுளிப்போம், மருந்தில் மாறினால்?

லிஸ்ட் இதை வெளியிட்ட அதே 2000-ல் இன்னொரு வேதியியலாளர் டேவிட் மெக்மில்லன் வேறொரு மூலக்கூறோடு வந்தார். 2021-ல் இருவருக்கும் நோபல். வேடிக்கை என்னவென்றால், 1970-களிலேயே சிலர் புரோலினை இதே வேலைக்கு வைத்திருந்தார்கள். ஊரில் யாரும் கண்டுகொள்ளவில்லை!

பலனைப் பாருங்கள்: எட்டிக்கொட்டையின் விஷமான ஸ்ட்ரிக்னினை 1950-களில் செயற்கையாகச் செய்ய 29 படிகள், கிடைத்தது 0.0009 சதவீதம். இந்தக் கரிம வினையூக்கி முறையும் சேர்ந்தபின் 12 படிகள், 7000 மடங்கு திறன். ‘எட்டி பழுத்தென்ன’ என்று அடுத்த வாரம் கேட்டு எழுதாதீர்கள்!