எல்லோரும் ஒன்றாம் நம்பர்

பொல்பிட்டியவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யார் எந்த வழியால் நடக்கலாம் என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் நடக்கப் பழகிய பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும். கார் ரோடு தோட்டத்து மானேஜரான பெரிய துரைக்கு. சிமெண்டுப் படிக்கட்டு கிளாக்கர், டீமேக்கர், கண்டக்டர் வீட்டாருக்கு. தேயிலைக்கு ஊடே போகும் குறுக்குப்பாதை நமக்கு. பங்களாவில் வேலை என்றால் குசினிப் பக்கமாகப் போக வேண்டும். துரை எதிரே வந்தால் பெரியவர்கள் குடையை மடக்கி, தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரம் கட்டுவார்கள். கினிகத்தேனைப் பக்கத்து மழைக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குப் பெய்யும்.

கரண்டுக்கும் இதே கணக்குத்தான். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனியாகிற இடத்துக்குக் கிட்ட, 1969இல் பொல்பிட்டிய மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அரசாங்கக் கடதாசியில் அதன் பெயர் சமனல. அன்று 75 மெகாவாட், புதுப்பித்த பிறகு இப்போது 90. அதற்கு முன்பே பழைய லக்ஷபான 1950இலும் விமலசுரேந்திர 1965இலும் வந்துவிட்டன. நாட்டுக்கே வெளிச்சம் கொடுத்த கம்பிகள் எங்கள் தலைக்கு மேலேதான் கொழும்புக்குப் போயின. தேயிலை ஸ்டோரில் லைட், பங்களாவில் லைட், ஸ்டாப் குவாட்டர்ஸில் லைட். தொழிலாளர் லயத்தில் குப்பி லாம்பு. கோபுரத்துக்குக் கீழே நின்றால் கம்பி ரீங்காரமிடுவது கேட்கும். கரண்டிலிருந்து எங்களுக்குக் கிடைத்த பங்கு அந்தச் சத்தம்தான்.

இப்படி ஆளையும் வெளிச்சத்தையும் பிரித்து வைத்த இடத்தில் வளர்ந்த நான் இன்று வயிறு வளர்ப்பதும் பிரித்து வைத்துத்தான். ஈதர்நெட் சுவிச்சில் போர்ட்டுகளை வீ-லேன்களாகப் பிரித்துக் கொடுப்பது என் தொழில்.

தொண்ணூறுகளில் கொழும்பில் நான் வேலை பழகியபோது பிரிவினைக்கு இடமே இல்லை. ஒரே கருப்புக் கோஆக்சியல் கேபிள், அறை அறையாக எல்லாக் கொம்பியூட்டரையும் தொட்டுக்கொண்டு போகும். ஒரு துண்டு 185 மீட்டர் வரை ஓடலாம். இரு நுனியிலும் 50 ஓம் மூடி. யாராவது மேசையை நகர்த்தி அந்த மூடி கழன்றால் முதலாளி முதல் டைப்பிஸ்ட் வரை அத்தனை பேரும் ஒரே நேரத்தில் படுத்துவிடுவார்கள். பின்னால் வந்த ஹப்பும் அப்படித்தான், ஒரு வாயில் நுழைந்த பேச்சை மற்ற எல்லா வாயிலும் கொட்டும். சமத்துவம் என்றால் அதுதான் சமத்துவம், நெரிசல் தாங்க முடியாது.

பிறகு சுவிச் வந்தது. யாருக்கு வந்த பேச்சோ அவர் வாசலில் மட்டும் கொடுக்கப் பழகியது. ஆனாலும் "இந்த முகவரி யாருடையது?" என்று ஒரு கருவி பொதுவில் கூவினால் அந்தக் கூவல் எல்லாப் போர்ட்டுக்கும் போகும். அதை அடக்கத்தான் வீ-லேன். ஒரே பெட்டியை உள்ளுக்குள்ளே பல பெட்டியாக்கும் வித்தை. இதற்கான 802.1கியூ தரத்துக்கு ஐட்ரிபிள்ஈ 1998இல் ஒப்புதல் கொடுத்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் 4 பைட் முத்திரை. அதில் 12 பிட் இலக்கத்துக்கு. முதலும் கடைசியும் ஒதுக்கு, மிச்சம் 4094. எங்கள் தோட்டத்துக்கு அவ்வளவு தேவைப்பட்டதில்லை, நாலைந்திலேயே கச்சிதமாக முடித்திருந்தார்கள்.

புதுச் சுவிச்சைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது எல்லாப் போர்ட்டும் வீ-லேன் ஒன்றில் இருக்கும். ஏற்றத்தாழ்வு இல்லாமல் எல்லோரும் ஒன்றாம் நம்பர். தொழில் தெரிந்தவன் முதலில் செய்கிற வேலை அதைக் கலைப்பதுதான்.

போன வருடம் அந்தப் பழைய பங்களாவுக்கே கூப்பிட்டார்கள். இப்போது அது வெளிநாட்டுக்காரர் தங்கும் ஹோட்டல். முன்வாசலால் போனேன், குடையை விரித்துக்கொண்டே. சுவிச் இருந்தது குசினிக்குப் பக்கத்துச் சாமான் அலுமாரியில், அதனால் கடைசியில் குசினிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். இருபத்துநாலு போர்ட். கொன்சோல் கேபிளைச் செருகி வரிசையாகத் தட்டினேன்: 'சுவிச்போர்ட் மோட் அக்சஸ்', 'சுவிச்போர்ட் அக்சஸ் வீ-லேன் 10'. பத்து, தோட்ட ஆபீஸுக்கு. இருபது, விருந்தாளிகளின் வைஃபைக்கு. முப்பது கேமராவுக்கு, நாற்பது கொழுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசுக்கு. கடைசியில் 'ரைட் மெமரி'. அதைத் தட்ட மறந்து கரண்ட் போனால் பிரித்ததெல்லாம் போச்சு. பொல்பிட்டியவுக்குப் பக்கத்தில் கரண்ட் போகுமா என்று கேட்காதீர்கள்.

பக்கத்தில் நின்ற பெரிய கிளாக்கர் ஐயாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரே பெட்டிதானே தம்பி, எல்லாத்தையும் ஒண்ணாவே விட்டா என்ன?"

"விடலாங்க ஐயா. அப்புறம் மேல் ரூம் வெள்ளைக்காரர் போனிலிருந்து உங்க சம்பளச் செக்ரோல் கொம்பியூட்டரைத் தட்டிப் பார்ப்பார்."

"ஐயையோ, பிரிச்சிருங்க."

ஒரு வீ-லேனிலிருந்து இன்னொன்றுக்குப் பேச்சு நேரே போகாது. நடுவே ரவுட்டர் வேண்டும், அது விடலாமா கூடாதா என்று விதி பார்த்துத்தான் விடும். லயத்து ஆள் கூரை ஒழுகுது என்று சொல்ல வேண்டுமானால் கங்காணியிடம் சொல்லி, கணக்குப்பிள்ளை, கண்டக்டர், சின்ன துரை என்று ஏறி, பெரிய துரை காதுக்குப் போவதற்குள் மழைக்காலம் முடிந்திருக்கும். அதே ஏற்பாடு இப்போது மில்லிசெக்கனில் நடக்கிறது.

தராசு இருக்கும் ஸ்டோர் பங்களாவிலிருந்து எட்டத்தில். செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் ஆகாது. போதாததற்கு சித்திரை இடி, ஐப்பசி இடி. கட்டடத்துக்குக் கட்டடம் செம்பு இழுத்தவர்கள் கருகிய போர்ட்டை வருடா வருடம் எண்ணலாம். ஆகவே ஃபைபர். அந்த மெல்லிய இழைமேல் நாலு வீ-லேனும் முத்திரையோடு ஒன்றாகப் பயணம் போகின்றன, அதற்குப் பெயர் டிரங்க். மறுமுனையில் தராசுக்கு இறங்கும் முன் சுவிச் முத்திரையைக் கழற்றிவிடும். தான் எந்த நம்பரில் கட்டப்பட்டிருக்கிறோம் என்பது தராசுக்குத் தெரியவே தெரியாது. எங்கள் காலத்தில் பிரிக்கப்பட்டவனுக்கு அது நன்றாகத் தெரியும். இந்த விஷயத்தில் தொழில்நுட்பம் நிச்சயம் முன்னேறித்தான் இருக்கிறது.

அன்று ஒன்பது போர்ட் மிஞ்சியது. பயன்படாத போர்ட்டைச் சும்மா திறந்து வைக்கக்கூடாது. யாருக்கும் கொடுக்காத ஓர் இலக்கத்தில் போட்டு 'ஷட்டவுன்' அடிக்க வேண்டும். அதையும் செய்தேன். ஸ்டோருக்குப் போகும் ஃபைபர், பிள்ளை மடுவத்தையும் தோட்டப் பள்ளிக்கூடத்தையும் ஒட்டித்தான் போகிறது. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது சிக்னல் தேடி மலை ஏறிய பிள்ளைகளை மலையகத்தில் பார்க்காதவர் யார்? "பள்ளிக்கூடத்துக்கு ஒரு லைன் கொடுத்தால் என்ன?" என்று கேட்டேன். "அது பாதுகாப்பில்லை, ஆபீஸ் டேட்டாவெல்லாம் இருக்கு" என்று பதில் வந்தது.

தோட்ட நிர்வாகத்தார் யாராவது இதை வாசித்தால் ஒரு வார்த்தை. நடுவில் விதியை ஒழுங்காகப் போட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை உங்கள் செக்ரோலைத் தொட முடியாது. பாவனை கூடிவிடும் என்று பயமா, அதற்கும் கடிவாளம் போடலாம். பள்ளிக்கூடத்துக்கு 50 என்று ஒரு வீ-லேன் கொடுங்கள். பிரித்தே கொடுங்கள், பரவாயில்லை. கேபிள் செலவு உங்களுடையது, கூலி எனக்கு வேண்டாம்.