புகாரே முதல்: ஹோஸ்டிங் விதிமுறைகளின் ஸ்பாம் இயலுக்கு ஓர் உரை

வெப் ஹோஸ்டிங் நிறுவனம் எதுவானாலும், இடம் கொடுக்கும் முன் வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கும் விதிமுறைகளில் ஸ்பாமுக்கென்று ஓர் இயல் இருக்கும். கேட்காதவர்களுக்கு மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பலாகாது. விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலைத் தொடலாகாது. அனுப்புநர் பெயரைப் பொய்யாக இடலாகாது. வேறெங்கோ இருந்து கடிதங்களை அனுப்பிவிட்டு இங்குள்ள தளத்துக்கு ஆள் சேர்க்கவும் ஆகாது. மீறினால் எச்சரிக்கை, பின்பு முடக்கம், பின்பு நீக்கம். சில நிறுவனங்கள் துப்புரவுச் செலவு என்று ஒரு தொகையும் கேட்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் பாடபேதம் மிகக் குறைவு என்பதால், மூலநூல் ஒன்றே என்றும் மற்றவை அதைப் படியெடுத்துப் பெயர் மாற்றியவை என்றும் கொள்ள இடமுண்டு. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்ட மொழியில், எல்லாரும் டிக் அடித்துவிட்டுக் கடந்துபோகும் இந்த நூலுக்கு ஓர் உரைகூட எழாதது குறையே. அக்குறையை ஒருவாறு நீக்க முயல்வோம்.

இந்த இயலுக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் பொருள் இது: முதலில் ஸ்பாம் நிகழ்கிறது, அதைக் கண்டு புகார் எழுகிறது, புகாரை விசாரித்துத் தண்டனை தரப்படுகிறது. இது பொருந்தாது. புகாரே முதல்; ஸ்பாம் அதன் விளைவு. என்னை? ஒன்றை அறிய நம் தருக்க நூலார் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகள் சொல்வர். ஒரு ஜவுளிக் கடையின் ஆடித் தள்ளுபடி அறிவிப்பு, ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் வழியே ஆயிரம் பேருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கடிதம் எத்தனை, எவ்வளவு பெரிது, எந்தெந்த முகவரிக்கு என்பதெல்லாம் சர்வருக்குத் தெரியும். அந்த ஆயிரம் பேரும் ‘அனுப்புங்கள்’ என்று சொன்னார்களா என்பது தெரியாது. ‘நீங்கள் பதிவு செய்திருப்பதால் இக்கடிதம் வருகிறது’ என்று அடியில் எழுதியிருக்கலாம். ஆனால் எழுதியவர் அனுப்பியவரேயாகையால் அந்தச் சாட்சியம் செல்லாது. எனவே காண்டல் போயிற்று. ஒரே நேரத்தில் ஆயிரம் போனால் ஸ்பாம் என்று கருதலாமே எனில், பள்ளிக்கூடத்தின் விடுமுறை அறிவிப்பும் மின்கட்டண நினைவூட்டலும் அப்படித்தான் போகின்றன. கருதலும் போயிற்று. மிஞ்சுவது உரை ஒன்றே: பெற்றவர் வாய்திறந்து ‘நான் கேட்கவில்லை’ என்பது. 1998இல் தொடங்கப்பட்டு, தடைப்பட்டியல்கள் வெளியிட்டுவரும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பும், ஸ்பாமைத் தீர்மானிப்பது கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதன்று, சம்மதம் இருந்ததா என்பதே என்று வரையறுக்கிறது. சம்மதமின்மை உள்ளத்தில் இருப்பது. அது வெளிப்படும்போது அதற்குப் பெயர் புகார்.

வரலாறும் நம் பக்கமே. 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விற்பனைத் துறையைச் சேர்ந்த கேரி தூர்க் என்பவர், தம் கம்பெனியின் புதிய கம்ப்யூட்டர்களைக் காட்டும் கூட்டத்துக்கு வரச்சொல்லி இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். முகவரிகள் பெறுநர் பகுதியில் கொள்ளாமல் கடிதத்தின் உடலுக்குள்ளேயே வழிந்தன. இதைத்தான் இன்று முதல் ஸ்பாம் என்கிறோம். புறப்பட்ட கணத்தில் அது வெறும் அழைப்பிதழ். நெட்வொர்க்கை நிர்வகித்த பாதுகாப்புத் துறை முகமையின் அதிகாரி ஒருவர், அர்பாநெட் அரசுப் பணிக்கு மட்டுமே உரியது, இது அப்பட்டமான மீறல் என்று எழுதிய பிறகே அது குற்றமாயிற்று. இரண்டு கடிதங்களும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. விற்பனையாளரின் கடிதம் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடிக்கப்பட்டிருக்கிறது. அதிகாரியின் புகாரும் அப்படியே. அப்போது எம்.ஐ.டி.யில் இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மனின் நிலை இன்னும் நுட்பமானது. கடிதம் தம் கையில் கிடைக்கும் முன், இதில் பெரிய தீங்கு ஒன்றுமில்லை என்றார். ஒருவர் அதன் பிரதியை அனுப்பிவைத்ததும் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருக்கு உறுத்தியது விளம்பரம் அன்று. அவ்வளவு நீளமான ஹெட்டரை, அதாவது கடிதத்தின் தலைப்பகுதியை, எவரும் எதன்பொருட்டும் அனுப்பலாகாது என்பதே அவர் கட்சி. ஆக, ஒரே கடிதம் ஒரே மனிதருக்கு முதலில் ஸ்பாம் இல்லை, பின்பு ஸ்பாம். இடையில் மாறியது கடிதமா?

அடுத்த சான்று இன்னும் வலியது. ஃபீனிக்ஸ் நகரத்து வழக்கறிஞர் தம்பதி லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் இருவரும் 1994 ஏப்ரல் 12 அன்று கிரீன் கார்டு லாட்டரிக்கான விளம்பரத்தை யூஸ்நெட்டின் 5,000க்கும் மேற்பட்ட செய்திக்குழுக்களில் ஒருசேரப் போட்டனர். அவர்களுக்கு இணைப்புக் கொடுத்திருந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரைத் திரும்பத் திரும்பப் படுக்கவைத்தது அந்த விளம்பரம் அன்று. அதைக் கண்டித்து உலகெங்கிலுமிருந்து வந்து குவிந்த கடிதங்கள். கணக்கு நீக்கப்பட்டது. இங்கே நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாதவருக்கு, மொத்தமாக, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, சர்வரை மூச்சுத் திணற வைக்கும் கடிதங்களை விதிமுறையின் முதல் பத்தி என்ன பெயரிட்டு அழைக்கிறது? நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் கூறியது கூறல், மிகைபடக் கூறல் இரண்டும் ஸ்பாமில் உண்டு என்பதை எவரும் ஒப்புவர். புகாரிலும் உண்டு. மற்ற எட்டையும் ஒப்பிடும் பணியை வருங்கால முனைவர் பட்டத்துக்கு விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது சான்று 1997 தொடக்கத்தில் கிடைத்தது. ஜோஸ் டாட் காம் என்ற தளத்தில் இடம் பெற்றிருந்த ஒருவர் ஸ்பாம் மூலம் விளம்பரம் செய்ததால் அவர் கணக்கைத் தள நிர்வாகி நீக்கினார். விதிப்படி செய்த செயல். நீக்கப்பட்டவர் பழிவாங்க ஒரு புதிய ஸ்பாமை எழுதி, பதில் முகவரியாக அந்த நிர்வாகியின் முகவரியை இட்டு ஊரெங்கும் அனுப்பினார். திட்டியும் தாக்கியும் பதில்கள் வந்து தளமே சில காலம் விழுந்துபோயிற்று. ‘ஜோ ஜாப்’ என்று தொழிலில் இருப்போர் இன்றும் சொல்லும் இந்த உத்தியில் ஸ்பாம் வெறும் கருவி, புகாரே சரக்கு. நிர்வாகி ஒரு வரிகூட அனுப்பாமல் ஸ்பாம் அனுப்பியவரானார். ஸ்பாமின்றியே புகாரால் ஒருவர் குற்றவாளியாகலாம் என்பது இதனால் பெற்றாம்.

அற்றேல், எவரும் புகார் செய்யாமலே ஸ்பாம் பிடிபடுகிறதே, பொறி முகவரிகளை அறியீரோ என்பாரும் உளர். எந்த மனிதருக்கும் சொந்தமில்லாத, எங்கும் பதிவு செய்யப்படாத முகவரிகளை இணையப் பக்கங்களின் மூலைகளில் விதைத்து வைப்பார்கள். அங்கு வந்து விழும் கடிதம் கேளாமல் வந்ததாகத்தானே இருக்க வேண்டும்? உண்மை. ஆனால் பொறி முகவரி என்பது முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டு, தேதியை மட்டும் காலியாக விட்டுவைத்த புகார். விதைத்தவர் சொல்லாமல் சொல்லிவிட்டார். இயந்திர வடிகட்டி தானே கண்டுபிடிக்கிறதே என்றால், 2002இல் நிரலாளர் பால் கிரஹாம் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவிய பேஸியன் வடிகட்டிகள் கற்றது எதிலிருந்து? மனிதர்கள் ‘இது ஸ்பாம்’ என்று ஒதுக்கித் தள்ளிய கடிதக் குவியலிலிருந்து. ஆகவே வடிகட்டி புகாருக்குப் பேரன் முறை.

அப்படியானால் எவரும் புகார் செய்யாதவரை ஸ்பாமே இல்லையா என்று சினந்து கேட்பார்க்கு, விதிமுறையின்படி இல்லை என்பதே விடை. கூகுள் 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்குக் கடிதம் அனுப்புவோர் ஸ்பாம் புகார் விகிதத்தை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆயிரத்துக்கு மூன்று. ஆயிரத்தில் இருவர் ஸ்பாம் பட்டனை அழுத்தும்வரை அந்த ஆடித் தள்ளுபடி அறிவிப்பு வெறும் செய்திமடல். மூன்றாமவர் விரல் வைத்ததும், மற்ற 997 பேரின் பெட்டியில் சாதுவாகக் கிடக்கும் பிரதிகளும் முன்தேதியிட்டுச் சந்தேகத்துக்குள்ளாகின்றன. அந்த மூன்றாமவர், செய்திமடலை நிறுத்தும் இணைப்பு எங்கே என்று தேடச் சோம்பி ஸ்பாம் பட்டனை அழுத்தியவராகவும் இருக்கலாம். காரணம் கேட்கும் வழக்கம் பட்டனுக்கு இல்லை.

புகார் சரியான வாசலுக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெக்கோலோ சான்று. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் இருந்த இந்த ஹோஸ்டிங் நிறுவனத்தில், பாட்நெட்டுகளை ஆட்டிவைக்கும் சர்வர்கள் குடியிருந்தன. ஆனால் கடிதங்கள் அங்கிருந்து புறப்படவில்லை. உலகெங்கும் வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களிலிருந்து புறப்பட்டன. புகார் செய்ய விரும்புபவர் ஹெட்டரைத் திறந்தால், ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே மேலே அடுக்கியிருப்பது தெரியும். கீழிருந்து மேலாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் நம்பத்தக்கது நம் சொந்த சர்வர் எழுதிய வரி மட்டுமே, கீழே உள்ளவற்றைப் பொய்யாக எழுதிவைக்க முடியும். நம்பத்தக்க அந்த வரியில் இருப்பதோ பாவம், யாரோ ஒருவர் வீட்டு ஐ.பி. முகவரி. புகார்களும் அந்த வீட்டுக்கு இணைப்புத் தந்தவரிடமே போயின. கடைசியில் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் பிரையன் கிரெப்ஸ், மெக்கோலோவுக்கு இணைப்பு விற்ற நிறுவனங்களிடமே ஆதாரங்களோடு போய்க் கேட்டார். 2008 நவம்பர் 11 அன்று இணைப்பு துண்டிக்கப்பட்டது. உலக ஸ்பாமில் பாதிக்கும் மேல் உடனே குறைந்ததாக அளந்தவர்கள் சொன்னார்கள். சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டது என்பது வேறு கதை. வாசல் மாறிய ஒரே ஒரு புகாரால், அதுவரை விதிமீறலற்ற வாடிக்கையாளராக இருந்தவர்கள் உலகின் பெருங்குற்றவாளிகளானார்கள் என்பதே நமக்கு வேண்டியது.

இனி, தொழிலில் இருப்போர் ‘லிஸ்ட்வாஷிங்’ என்று முகம் சுளிக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். புகார் வந்ததும் நிறுவனம் அதை வாடிக்கையாளருக்கு அனுப்புகிறது. அவர் முகவரிப் பட்டியலிலிருந்து புகார் செய்தவரை மட்டும் நீக்கிவிட்டு, ‘பிரச்சினை தீர்ந்தது’ என்று பதில் எழுதுகிறார். மற்ற லட்சம் பேருக்குக் கடிதம் தொடர்கிறது. இது ஏமாற்று என்கிறார்கள் ஸ்பாம் எதிர்ப்பாளர்கள். ஆனால் நாம் நிறுவிய கொள்கையின்படி, புகார் செய்யும் ஆள் பட்டியலில் இல்லையென்றால் புகார் இல்லை. புகார் இல்லையென்றால் ஸ்பாம் இல்லை. எனவே நோய் முழுக்கக் குணமாயிற்று. புகார் டிக்கெட்டை மூடிய நிறுவன ஊழியர் நம் கட்டுரையைப் படிக்காமலே அந்த முடிவுக்கு வந்திருக்கிறார். கோட்பாட்டை நடைமுறை முந்திக்கொள்வது ஆய்வாளருக்குச் சற்று வருத்தம் தருவதுதான்.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு ஆட்சேபம். ஸ்பாம் பொய், புகார் மெய், இரண்டையும் ஓரினமாக்கலாமோ? பொருளில் வேறுபாடு இருக்கலாம். உடல் ஒன்றே. 1997 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 2142 என்ற இணைய நெறி ஆவணம், ஒவ்வொரு நிறுவனமும் ‘அப்யூஸ்’ என்ற பெயரில் ஓர் அஞ்சல் பெட்டி வைத்திருக்க வழிசெய்தது. 2010இல் வந்த ஆர்.எஃப்.சி. 5965, இயந்திரங்கள் எழுதும் புகார் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்தது: மனிதர் படிக்க ஒரு பகுதி, இயந்திரம் படிக்க ஒரு பகுதி, மூன்றாவதாகப் புகாருக்கு உள்ளான அந்தக் கடிதமே, முழுதாகவோ ஹெட்டர் மட்டுமாகவோ. ஆக, புகார் ஸ்பாமை வயிற்றில் சுமந்துகொண்டே வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆதாரம் போதவில்லை என்று ஒரு தானியங்கிப் பதில் வரும். இப்படி முறைப்படி எழுதிய புகார் அப்யூஸ் பெட்டியின் வாசலுக்கு வருகிறது. நிறுவனம் விதிமுறைகளை மதித்து அங்கும் ஒரு வடிகட்டியை நிறுத்தியிருந்தால், அது கடிதத்தைப் பிரித்து, உள்ளே மருந்து விளம்பரத்தையும் தடைப்பட்டியலில் உள்ள இணைப்பையும் கண்டு, ‘உங்கள் கடிதம் ஸ்பாம் என்பதால் ஏற்கப்படவில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. வடிகட்டி தவறு செய்துவிட்டது என்பது பொதுமக்கள் கருத்து. நமக்கோ அது இத்துறையின் தேர்ந்த அறிஞர். அப்யூஸ் பெட்டி கடிதம் வாங்க மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்பதற்கும் அதே ஆர்.எஃப்.சி. 2142இல் வழி உண்டு: ‘போஸ்ட்மாஸ்டர்’ என்று இன்னொரு பெட்டி. முறையீட்டோடு திரும்பி வந்த புகாரையும், புகாரோடு மூல ஸ்பாமையும் இணைத்தே அனுப்ப வேண்டும். அந்தப் பெட்டியும் பெரும்பாலும் அதே சர்வரில்தான் இருக்கிறது.