பூட்டைத் திறக்காமல் காதலிப்பது எப்படி?

1. ஒரு பூட்டைக் கழுத்தில் மாட்டுங்கள். 'நிசெகோய்' அனிமேயின் நாயகன் ராக்கு மாட்டியிருக்கிறானே, அதுபோல. பத்து வருடத்துக்கு முன் ஒரு சிறுமி ஒரு வாக்கோடு கொடுத்தது, சாவி அவளிடம். முகமும் ஞாபகமில்லை, பெயரும் ஞாபகமில்லையா? பிரமாதம். ஞாபகம் மங்க மங்கத்தான் ஆள் அழகாவாள்.

2. அவள் யாரென்று அப்பாவிடம் கேட்டுவிடாதீர்கள். அவர் யாகுசா ரவுடிக் கும்பலின் தலைவர், ஊர் விவகாரமெல்லாம் விரல்நுனியில். கேட்டால் முதல் எபிசோடிலேயே கதை முடிந்துவிடும்.

3. புதிதாக ஒருத்தி வருவாள். பெயர் சிதோகே. பள்ளிச் சுவரைத் தாண்டிக் குதித்து, முழங்காலால் உங்கள் முகத்தில் இறங்குவாள். அந்த இடியில் பூட்டு தொலையும். திட்டிக்கொண்டே நாள் கணக்கில் கூடத் தேடுவாள், கடைசியில் அவளே கண்டெடுப்பாள். நீங்கள் பூட்டைப் பாருங்கள். கண்டெடுத்த கையைப் பார்க்காதீர்கள்.

4. உங்கள் அப்பாவின் கும்பலும் அவள் அப்பாவின் ரவுடிக் கும்பலும் மோதாமலிருக்க, மூன்று வருடம் அவளோடு காதலர்களாக நடிக்கச் சொல்வார்கள். நடியுங்கள். சேர்ந்து சாப்பிட்டது, சண்டை போட்டது, மழையில் நனைந்தது எல்லாவற்றையும் 'பொய்' கணக்கில் எழுதுங்கள். 'நிஜம்' கணக்கில் அந்தப் பூட்டு மட்டும் இருக்கட்டும். (உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமையை எந்தக் கணக்கில் வைத்தீர்கள்?)

5. இதற்கிடையே வகுப்பில் ஓனோதேரா இருக்கிறாள், மிட்டாய்க்கடை வீட்டுப் பெண். உங்களுக்கு அவளைப் பிடிக்கும், அவளுக்கும் உங்களை. சொல்ல வாயெடுக்கும்போது யாராவது கதவைத் திறப்பார்கள். நன்றி சொல்லுங்கள்.

6. ஓனோதேராவிடம் ஒரு சாவி, சிதோகேயிடம் ஒன்று, அடுத்து வரும் மரிகாவிடமும் ஒன்று. வரிசையாகப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் மட்டும் கிடைக்கவே கூடாது. சாவி உள்ளேயே முறிந்தால் யோகம்: ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

7. அவசரம் வேண்டாம். 2014-இல் 20 எபிசோட், 2015-இல் 12. டிவித் தொடர் முடிந்தபோதும் பூட்டு பூட்டாகவே இருந்தது. இந்தத் துறையில் மூத்தவர் 'லவ் ஹினா' தொடரின் கெய்தாரோ. பெயர்கூடத் தெரியாத ஒரு சிறுமிக்குக் கொடுத்த வாக்குக்காக டோக்கியோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதித் திரும்பத் திரும்பக் கோட்டைவிட்டவர். படத்தைச் சுவரில் மாட்டலாம்.

8. நாவோஷி கோமி வரைந்த மூல மங்கா 2011 முதல் 2016 வரை ஓடியது, மொத்தம் 25 தொகுதிகள். கடைசியில் ராக்கு காரியத்தைக் கெடுத்துவிடுகிறான். வாக்குக் கொடுத்த சிறுமி ஓனோதேராதான் என்று தெரிகிறது. பையன் என்ன செய்கிறான்? சிதோகேயைத் தேடிப் போகிறான்! அந்த 'பொய்' கணக்குக்காரியை!

நீங்கள் 24-ஆம் தொகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.