எங்கள் கணக்கர் அண்ணனின் பெரிய மனசு

நூல் விலை ஏறப்போகிறது என்று பேச்சு அடிபட்டால் போதும், முன்பணம் கட்டி நூலைப் பிடித்து வைக்கத் திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஓடும். எங்கள் கம்பெனியும் மார்ச் மாதம் ஒரு மில்லுக்கு இரண்டு லட்சம் அனுப்பியது. அதன் பிறகு அந்தப் பணம் அடைந்த மோட்சத்தை நினைத்தால், எங்கள் கணக்கர் அண்ணனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சாதாரணக் கணக்கர்கள் டாலி மென்பொருளில் எஃப்5 தட்டி, பேமெண்ட் வவுச்சரில் மில்லின் பெயரில் பற்று வைத்து, கீழே ‘அட்வான்ஸ்’ என்று குறித்து, அதற்கு ஒரு நம்பரும் கொடுப்பார்கள். பில் வந்ததும் எஃப்9 போட்டு, பர்ச்சேஸ் வவுச்சரில் அதே நம்பரைத் தேடிப் பிடித்துக் கழிப்பார்கள். எவ்வளவு சந்தேகப் புத்தி! அண்ணனும் எஃப்5தான் தட்டினார்; ஆனால் மில்லின் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘பர்ச்சேஸ்’ என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். நூல் எப்படியும் வரத்தானே போகிறது? மார்ச் 31 அன்று குடோனில் இல்லாத நூல் செலவில் ஏறி, லாபம் இரண்டு லட்சம் இறங்கியது. லாபம் அதிகம் என்று தெரிந்தால் நாங்கள் போனஸ் கேட்டு முதலாளியைத் தொந்தரவு செய்வோம் அல்லவா, அதையும் தடுத்தார்.

ஏப்ரலில் நூல் வந்தது. 900 கிலோ, கிலோ 250 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டியோடு பில் 2,36,250 ரூபாய். அண்ணன் பைசா பிசகாமல் ஏற்றினார். மில்லின் லெட்ஜரில் முன்பணம் என்ற களங்கமே இல்லாததால் பாக்கி முழுசாக, லட்சணமாக நின்றது. 36,250 என்று அற்பத் தொகைக்குச் செக் எழுதினால் கம்பெனிக்கு என்ன மரியாதை? முழுத் தொகைக்கே எழுதினார். முதலாளியும் கையெழுத்துப் போட்டார்.

முன்பணத்துக்கே உள்ளீட்டு வரி வரவு எடுத்துவிடலாமே என்று ஆடிட்டரிடம் ஒருமுறை யோசனை சொன்னாராம். பில்லும் சரக்கும் கைக்கு வந்தால்தான் வரவு என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 16ஆம் பிரிவு. சட்டத்துக்கு இருக்கும் கஞ்சத்தனம் அண்ணனுக்குக் கிடையாது.

அவர் மில் லெட்ஜரிலேயே முன்பணத்தை ஏற்றிய நாட்களும் உண்டு. அப்போது நாம் பணம் தர வேண்டியவர்கள் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே பற்று நிலுவை மைனஸாக நிற்கும். நம் பணம் அவர்களிடம் இருக்கிறது, அது நமக்குச் சொத்து என்று அதற்கு அர்த்தமாம். மைனஸைக் கண்டால் அண்ணனுக்கு மனசு பொறுக்காது. ஒரு ஜர்னல் போட்டுச் சஸ்பென்ஸ் கணக்குக்குத் தள்ளிவிடுவார். அந்தக் கணக்குக்கு அப்படிப் பெயர் வைத்தவர் அண்ணனை மனசில் வைத்துத்தான் வைத்திருப்பார்.

போன வாரம் முதலாளியின் மகன், “அண்ணா, அந்த ரெண்டு லட்சம் எங்கீங்க?” என்று கேட்டான்.

“எங்கயும் போகலீங்க தம்பி, மில்லுலதான் பத்திரமா இருக்குது” என்றார்.

பொய்யே இல்லை. மில்லும் நன்றி மறக்கவில்லை. தீபாவளிக்கு அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ் அனுப்புகிறவர்கள், இந்த வருசம் இரண்டு கிலோ அனுப்பியிருந்தார்கள். அண்ணன் எல்லா டேபிளுக்கும் தன் கையாலேயே பிரித்துக் கொடுத்தார். எனக்கு ஒரு மைசூர்பாகு வந்தது.